பியூஸ் போகவில்லை, சாக்கெட் உருகியது: ஒரு காவிரிப் படகின் 12 வோல்ட் வயரிங்

நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைக்கு மேலே காவிரி குளம்போலத் தேங்கி நிற்கும். இந்தக் கரை ஈரோடு மாவட்டம். எதிர்க்கரை பூலாம்பட்டி, சேலம் மாவட்டம். அந்தத் தேக்கத்தில் இரவில் வலை போடும் 18 அடி ஃபைபர் படகு ஒன்றில், வைகாசிக் கடைசியில் ஒரு ராத்திரி லைட்டர் சாக்கெட், கார்களில் சிகரெட் லைட்டர் செருகும் அதே வகை, உருகிப் புகைந்தது. படகில் இருந்தவர்கள் இரண்டு பேர். புகையைப் பார்த்ததும் ஒருவர் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொப்பளித்துவிட்டன. பெட்ரோல் டேங்க் அங்கிருந்து இரண்டடி தூரம்கூட இல்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த இரண்டடிதான்.

பவானியில் வண்டி வயரிங் கடை வைத்திருக்கிறேன். சங்ககிரி லாரி, போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி, டிராக்டர், இவைதான் என் சோலி. படகு வேலை வருடத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம். படகுக்காரர் எனக்குப் பத்து வயது மூத்தவர். மறுநாள் விடியக் காலையில் கூப்பிட்டார்.

"தம்பீங், ஒரு எட்டு வந்துட்டுப் போங். சாக்கெட்டு வெந்து போச்சுங்."

"பியூஸ் போச்சுங்களாண்ணா?"

"அதானுங் தெரீல. பியூசு கெட்டியா இருக்குதுங்."

அந்தப் பதிலைக் கேட்டதுமே வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரையும், வோல்ட் பார்க்க மல்டிமீட்டரையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பியூஸ் போயிருந்தால் எங்கோ ஷார்ட் என்று வைத்துத் தேடலாம். பியூஸ் இருக்கும்போதே பொருள் வெந்தால், கரண்ட் அளவு மீறாமலேயே சூடு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம்.

படகில் இருந்தது

12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, நடுப்பலகைக்கு அடியில். பின்னால் பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு மோட்டார். பிடித்த கட்லாவையும் ஜிலேபியையும் உயிரோடு கரை சேர்க்க ஒரு பேரல், அதற்குக் காற்றூதும் 12 வோல்ட் பம்ப். முன்னால் 55 வாட் ஹாலஜன் தேடுவிளக்கு. ஆளுக்கொரு செல்போன். வலை பிரிக்கும் இடத்தில் ஒரு எல்.இ.டி. விளக்கு.

இத்தனைக்கும் இரண்டு லைட்டர் சாக்கெட், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் இருந்ததுதான் உருகியது. அதில் ஒன்றை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டர் செருகி, அதிலிருந்து பம்ப்பும், நீளமாக வயர் இழுத்துத் தேடுவிளக்கும் ஓடியிருக்கின்றன. பம்ப் 8 ஆம்பியர், விளக்கு நாலரைக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் சேர்ந்து பன்னிரண்டரை. பியூஸ் 15 ஆம்பியர். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர். அந்த வயருக்கு அந்த பியூஸ் தவறில்லை. பேட்டரியிலிருந்து அந்த பியூஸ் இருந்த தூரம் வேறு கதை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உருகிய சாக்கெட்டைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெளி ஓடு வளைந்திருந்தது, ஆனால் கருகவில்லை. கருகல் முழுக்க அடியில், நடு முனையைச் சுற்றி ஒரு வட்டமாக. நடு முனைத் தகடு நீலம் பாய்ந்திருந்தது. பிளக்கின் நுனியில் இருக்கும் குட்டி ஸ்ப்ரிங்கை விரலால் அமுக்கினால் திரும்பி எழவில்லை. சூடேறி முறுக்கு இறங்கிப்போன ஸ்ப்ரிங் அது. வயர் பக்கத்து லக், அதாவது வயர் நுனியில் மாட்டும் தகடு, இரண்டும் புதுசு மாதிரி இருந்தன. சூடு வயரில் பிறக்கவில்லை, பிளக் தொட்ட இடத்தில் பிறந்திருக்கிறது.

அளந்தது

பின் சாக்கெட் போய்விட்டதால், அதோடு சேர்த்து ஒரே நாளில் வாங்கி மாட்டியிருந்த முன் சாக்கெட்டில் அதே பம்ப்பைச் செருகி ஓட்டினோம். அதன் வயர் நீளம் போக நாலு மீட்டர், வர நாலு மீட்டர். கிளாம்ப் மீட்டர் 8 ஆம்பியர் காட்டியது. பேட்டரி முனையில் 12.4 வோல்ட். சாக்கெட்டின் முதுகில் 11.6. எட்டு மீட்டர் வயரில் அந்த அளவு குறைவது கணக்குக்குச் சரி, 1.5 வயர் மீட்டருக்கு 12 மில்லி ஓம் எடுக்கும்.

அடுத்த அளவுதான் முக்கியம். பிளக்கைத் திறந்து, அதன் உள்ளே வயர் சேரும் இடத்தில் மீட்டர் வைத்தேன். 10.9. சாக்கெட்டின் முதுகுக்கும் பிளக்கின் வயருக்கும் நடுவில், இரண்டு விரல் நீளத்துக்குள், 0.7 வோல்ட் காணாமல் போகிறது. எட்டு ஆம்பியரால் பெருக்கினால் ஐந்தரை வாட்டுக்கு மேல். பிளக்கை லேசாக அசைத்தால் அந்த 0.7 ஒருமுறை 0.3 ஆனது, ஒருமுறை 1.2 ஆனது. 1.2 என்றால் ஒன்பதரை வாட், ஒரு பட்டாணி அளவு முனையில்.

அந்தத் தொடும் இடத்தின் தடை 0.15 ஓம் என்று வைத்து, அன்று ராத்திரி ஓடிய பன்னிரண்டரை ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 23 வாட்டைத் தாண்டுகிறது. என் கடையில் ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த அயர்னைப் பிளாஸ்டிக் குவளைக்குள் குத்தி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் வலை இழுக்கப் போனது போலத்தான் நடந்திருக்கிறது.

பியூஸ் தன் வழியே போகும் ஆம்பியரை மட்டுமே அறியும். முனை லூசானால் ஆம்பியர் கூடுவதில்லை, கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். ஆகவே 15 ஆம்பியர் பியூஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் தள்ளி சாக்கெட் உருகலாம். பியூஸ் வயருக்குக் காவல். தொடும் முனைக்கு அல்ல. "பியூஸ் போட்டிருக்குதல்லங், பொறவென்ன" என்று சொல்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. அதை நம்பித்தான் நாம் சாக்கெட்டைக் கவனிக்காமல் விடுகிறோம்.

லைட்டர் சாக்கெட் ஏன் தாங்கவில்லை

பெயரிலேயே இருக்கிறது. சிகரெட் பற்றவைக்க, சில நொடி சூடாகித் தானே வெளியே துள்ளும் ஒரு சுருளுக்காகச் செய்த துளை அது. பிறகு வந்தவர்கள் அதையே கரண்ட் எடுக்கும் பாயிண்டாக ஆக்கிக்கொண்டார்கள். அதன் அளவுகளைச் சொல்லும் அமெரிக்க விதிமுறை எஸ்.ஏ.இ. ஜே563. அதிலேயே ஏறக்குறைய 21 மில்லிமீட்டரில் சற்றே வேறுபட்ட இரண்டு துளை அளவுகள் இருக்கின்றன. ஒரு சாக்கெட்டில் இறுக்கமாக நிற்கும் பிளக் இன்னொன்றில் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய குறை அதன் அமைப்பில் இருக்கிறது. பிளக்கின் நுனியில் ஒரு ஸ்ப்ரிங். அது நடு முனையை அமுக்கித் தொட வேண்டும். அமுக்கும்போதே பிளக்கை வெளியே தள்ளவும் செய்கிறது. அதைப் பிடித்து நிறுத்த பக்கத்தில் இரண்டு மெல்லிய தகடு மட்டும்தான். பூட்டு எதுவும் கிடையாது. மோட்டாரின் நடுக்கத்தில் பிளக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். இன்னொன்று, இதே சாக்கெட்டை 12 வோல்ட் காரிலும் வைக்கிறார்கள், 24 வோல்ட் லாரியிலும் வைக்கிறார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லாரிக்காரர் ஒருவர் தன் காற்றுப் பம்ப்பைப் படகுக்கு இரவல் தந்தாலும், படகுப் பம்ப்பை லாரிக்கு எடுத்துப் போனாலும், செருகுவதை எதுவும் தடுக்கப் போவதில்லை.

ரிக் வண்டியில் வேலை பார்த்தவர்களுக்கு நடுக்கம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் அடி துளை போடும் வண்டியில் பூட்டு இல்லாத பிளக்கை நாங்கள் கையாலும் தொடுவதில்லை. கிளிக்கென்று பூட்டும், அல்லது திருகி இறுக்கும், இல்லையென்றால் நேராக லக் போட்டு போல்ட். படகில் ஏறினதும் அந்தப் பழக்கத்தை ஏன் கரையில் விட்டுவிட வேண்டும்?

அளவெடுக்கும்போது கண்ணில் பட்ட மற்றவை

பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் மூன்று மீட்டர் வயர் காவல் இல்லாமல் ஓடியது. பலகையின் கூர்முனையில் உரசி அது ஒருநாள் எதிர்வயரைத் தொட்டால், இந்த அளவு ஈய அமில பேட்டரி ஆயிரம் ஆம்பியரைத் தாண்டிக் கொட்டும். வயர் முழுக்கச் சிவந்து போகும், நடுவில் நிறுத்த எதுவும் இல்லை. ஏ.பி.ஒய்.சி. இ-11 என்ற அமெரிக்கப் படகு வயரிங் விதிமுறை பொதுவாக பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும் என்கிறது. வயர் காப்புக் குழாய்க்குள் போவது போன்ற நிலைகளில் தூரத்தைத் தளர்த்துகிறது. நான் தளர்த்துவதே இல்லை. ஏழு அங்குலம், அவ்வளவுதான்.

பின் சாக்கெட்டின் மைனஸ் பேட்டரிக்கு வரவில்லை. அவுட்போர்டின் அலுமினிய பிராக்கெட்டில் போல்ட் போட்டு விட்டிருந்தார்கள். மோட்டாருக்கு வரும் தடித்த வயர் வழியாக அது பேட்டரியைச் சேர்கிறது. வேலை செய்தது லாரி கை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. லாரியில் பாடி எர்த் முறைதான். சேஸிஸ் இரும்பே திரும்பு வயர். நானும் தினமும் அப்படித்தான் செய்கிறேன். படகில் அது தப்பு. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தின் வழியே கரண்ட் திரும்பினால் ஒரு பகுதி தண்ணீர் வழியாகவும் கசியும். போகும் இடத்தில் உலோகத்தை அரிக்கும். கடல் உப்பில் அரிப்பது போல ஆற்று நீரில் வேகமாக அரிக்காது. ஆனாலும் பிராக்கெட் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்ததை விரலால் தேய்த்துக் காட்டினேன். படகில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, இரண்டும் தனி வயராக பேட்டரிக்கு வர வேண்டும்.

என்னை மிகவும் பதற வைத்தது வேறொன்று. வலை பிரிக்கும் இடத்து எல்.இ.டி. விளக்குக்கு, வீட்டுச் சுவரில் இருக்கும் அதே 5 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், மலிவு, பிடிப்பும் நன்றாக இருக்கும். மாட்டினவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. சோலார் விளக்குக்கும் நம் ஊர்த் தோட்டங்களில் இதே பழக்கம் இருக்கிறது.

"இதுல ஏதாச்சும் ஆச்சுங்களாண்ணா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "போன மாசம் பையன் இந்த லைட்ட ஊட்டுக்குக் கொண்டுபோயி செவுத்துப் பிளக்குல சொருகிட்டானுங். படார்னு வெடிச்சு மூஞ்சியெல்லாம் தூளுங். கண்ணு தப்பிச்சதே பெரிசுங்."

பையனுக்கு வயது பதினொன்று. பிளக் பொருந்தியது, செருகினான். அவன் மேல் என்ன குற்றம்? 12 வோல்ட் பொருள் 230 வோல்ட் சுவரில் பொருந்தும்படி நாம் செய்து வைத்ததுதான் குற்றம். சிறு படகுகளின் மின்னமைப்புக்கான சர்வதேச விதிமுறையும் இதைத் தெளிவாகச் சொல்கிறது: டி.சி. எனும் பேட்டரி கரண்ட்டின் பிளக்கும் சாக்கெட்டும் ஏ.சி. எனும் வீட்டுக் கரண்ட்டினுடையதோடு மாற்றிச் செருக முடியாததாக இருக்க வேண்டும். அந்த சாக்கெட்டை அன்றே கழற்றிக் கையோடு எடுத்து வந்துவிட்டேன். மற்ற எல்லா வேலையும் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

எதை எங்கே வைத்தோம்

முதல் கேள்வி எந்த சாக்கெட் என்பதல்ல. சாக்கெட் வேண்டுமா என்பது. எல்.இ.டி. விளக்கை யாரும் தினமும் கழற்றுவதில்லை. அதற்குப் பாயிண்டே வேண்டாம் என்று முடிவு செய்து, நேர் வயர் இழுத்து, கிரிம்ப் செய்த, அதாவது நசுக்கிப் பிடித்த, இணைப்பின் மேல் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, 3 ஆம்பியர் பியூஸோடு நிரந்தரமாக்கினோம். இல்லாத பிளக் லூசாகாது.

காற்றுப் பம்ப்பைத் திருட்டுக்குப் பயந்து தினமும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அதற்குப் பாயிண்ட் கட்டாயம் வேண்டும், அதுதான் அதிக நேரம் அதிக ஆம்பியர் எடுப்பதும். பேட்டரி ஃபோர்க்லிஃப்ட்களில் பார்க்கும் ஆண்டர்சன் கனெக்டரில் 50 ஆம்பியர் வகையைத் தேர்ந்தேன். எட்டு ஆம்பியருக்கு ஐம்பது எதற்கு என்று அவரும் கேட்டார். நான் வாங்கியது ஆம்பியரை அல்ல, முனையின் பரப்பை. தட்டையான இரண்டு தகடுகள் ஸ்ப்ரிங் அழுத்தத்தில் ஒன்றின் மேல் ஒன்று உரசி உட்காரும். ஒவ்வொரு முறை செருகும்போதும் அந்த உரசலே களிம்பைத் துடைத்துவிடும். பிளஸ், மைனஸ் மாற்றிச் செருக முடியாது. இதில் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. மஞ்சள் 12 வோல்ட்டுக்கு, சிவப்பு 24க்கு, சாம்பல் 36க்கு என்று வைத்திருக்கிறார்கள். வேறு வேறு நிறக் கூடுகள் ஒன்றோடொன்று சேராதபடி உள்ளே வெட்டு இருக்கிறது. கடைக்காரர் கையில் சாம்பல்தான் இருந்தது. மஞ்சளுக்காக நான்கு நாள் காத்திருந்தோம். லாரிப் பொருளும் படகுப் பொருளும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில் அந்த நான்கு நாள் வீணில்லை.

ஒரு குறை, ஆண்டர்சன் தண்ணீர் தாங்காது. ஆகவே அதைப் பலகைக்கு அடியில், மழையும் தெறிப்பும் நேரே விழாத இடத்தில், வாய் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்து ரப்பர் மூடி போட்டோம். வாய் மேலே பார்க்கும் சாக்கெட் எதுவானாலும் அது ஒரு கிண்ணம்தான். தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐ.பி. எண் எத்தனை அச்சடித்திருந்தாலும் மூடி மூடியிருக்கும்போது மட்டுமே அந்த எண் செல்லும்.

முன்னால் தேடுவிளக்குக்கு ஆண்டர்சன் ஒத்துவராது, அங்கே நேராகத் தண்ணீர் அடிக்கும். திருகு வளையம் போட்டு இறுக்கும் இரண்டு பின் வட்டக் கனெக்டர் வைத்தேன். உள்ளே ரப்பர் வளையம், பக்கத்தில் ஒரு காடி, நீளவாக்கில் வெட்டிய பள்ளம். ஒரே திசையில்தான் செருகும். மலிவு வகைகளில் பெட்டியில் போட்ட ஆம்பியரில் பாதியைத்தான் நான் நம்புவேன். விளக்கையும் 55 வாட் ஹாலஜனிலிருந்து எல்.இ.டி.க்கு மாற்றச் சொன்னேன்; ஆம்பியர் பாதிக்கும் கீழே இறங்கியது. எந்த சாக்கெட்டுக்கும் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

செல்போனுக்கு மூடியுள்ள யு.எஸ்.பி. பாயிண்ட், 5 ஆம்பியர் பியூஸ், கூடவே ஒரு சுவிட்ச். சுவிட்ச் ஏன் என்றால், போன் மாட்டாத நேரத்திலும் அதன் உள்ளிருக்கும் சர்க்யூட் கொஞ்சம் உறிஞ்சும். 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் மாதத்துக்கு ஏழு ஆம்பியர்-அவர் போய்விடும். வெள்ளம் வந்து படகு கரையேறிக் கிடக்கும் மாதங்களில் அது பேட்டரியைத் தின்னும்.

லைட்டர் சாக்கெட்டை முழுக்க ஒழிக்கவில்லை. டார்ச் சார்ஜர், டயருக்குக் காற்று பார்க்கும் மீட்டர் என்று எதையாவது கொண்டு வருவார்கள். ஒன்று வைத்தேன், சூடு தாங்கும் உள்கூடு உள்ளதாகப் பார்த்து, 5 ஆம்பியர் பியூஸோடு. 5 என்பதை வேண்டுமென்றே வைத்தேன். அதில் மீண்டும் பம்ப்பைச் செருகினால் பியூஸ் போய்விடும். மூடியின் மேல் பெயின்ட்டில் "5 ஆம்பியர், பம்ப் போடாதே" என்றும் எழுதிவிட்டோம்.

எல்லாப் பாயிண்டும் பெட்ரோல் டேங்க் இருக்கும் பின்பகுதியிலிருந்து முன்னுக்கு வந்தன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடித்தட்டில் போய்த் தங்கும். மைனஸ் 40 டிகிரியிலும் பற்றக்கூடிய ஆவி அது. நம் வைகாசி வெயிலில் கேட்கவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பின் பிளக்கை உருவினால் முனையில் பொறி தெறிக்கும். முதலில் சுவிட்சை அணை, பிறகு பிளக்கை எடு என்று இரண்டு பேரையும் என் முன்னாலேயே பத்து தடவை செய்ய வைத்தேன். அந்த சுவிட்சும் டி.சி. ஆம்பியர் குறித்தது, டேங்க்கிலிருந்து தள்ளி உயரத்தில்.

பம்ப் வயரை 4 சதுர மில்லிமீட்டராக ஏற்றினோம். வெள்ளீயம் பூசிய தாமிர வயர் கைக்குக் கிடைக்கவில்லை. ஆற்றுப் படகு என்பதால் சாதாரணப் பல இழை வயரை எடுத்து முனைகளை மட்டும் பசை ஸ்லீவால் அடைத்தேன். கடல் படகென்றால் இதற்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். இணைப்பு எல்லாம் கிரிம்ப். ஈயம் வைத்தால் அது உறைந்த விளிம்பில் வயர் விறைத்து, நடுக்கத்தில் அங்கேயே ஒடியும்.

வேலை முடிந்த பிறகு

அதே பம்ப், அதே 8 ஆம்பியர். பேட்டரியில் 12.5, சாக்கெட்டின் முதுகில் 12.2, பிளக்கின் உள்ளே 12.17. காணாமல் போன 0.7 வோல்ட் 0.03 ஆகிவிட்டது, அதாவது கால் வாட். நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டுக் கனெக்டரைக் கையால் பொத்திப் பார்த்தேன். உள்ளங்கைச் சூடு கூட இல்லை. பேரலில் காற்று வரும் சத்தம் மாறியதைப் படகுக்காரர்தான் முதலில் கவனித்தார். "மோட்டாரு மாத்துனாப்பல இருக்குதுங்" என்றார். பம்ப்புக்கு இதுவரை ஒழுங்காக வோல்ட் கிடைத்ததே இல்லை.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கு வந்த படகுக்காரர் கடைக்கும் வந்து, மாதம் ஒருமுறை பார்க்கச் சொன்னதைச் செய்கிறேன் என்றார். ஓடும்போது ஒவ்வொரு கனெக்டரையும் கையால் தொடுவது, அவ்வளவுதான் நான் சொல்லியிருந்தேன். மீட்டர் இல்லாதவருக்குப் புறங்கையே மீட்டர்.

புரட்டாசியில் நானே போய்த் திறந்து பார்த்தேன். ஆண்டர்சனின் தகடுகள் பளிச்சென்று இருந்தன. தேடுவிளக்கின் வட்டக் கனெக்டரில் மட்டும் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. பகலில் விளக்கைக் கழற்றி வைக்கும்போது மூடியைத் திருகாமல் விட்டிருக்கிறார்கள். மூடி பேரலுக்கு அடியில் கிடந்தது. பின்னை மாற்றி, மூடியில் துளை போட்டு, வலைக் கயிற்றில் ஒரு சாண் வெட்டி, சாக்கெட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.